பொலிஸ் நிலையத்தில் சிறுவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் எங்கள் ஊர்ச் சந்தியில் ரியூசன் முடிந்து நின்ற பெடியன் ஒருவனைச் சண்டை பிடித்தான் என்று பொலிஸார் ஜீப்பில் ஏற்றிச் சென்றனர். தாய்க்கு விசயம் தெரிய இருட்டிவிட்டது. அவர் போனபோது, குடிபோதையில் பிடிபட்ட பெரியவர்களுடன் அதே வாங்கில் அவனும் இருந்தான். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. வாசிக்கத் தெரியாத தாளில் தாய் கையொப்பம் வைத்தார்.

பிள்ளை பிழை செய்திருக்கலாம், விசாரிக்கட்டும். ஆனால் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பொலிஸ் நிலையத்தில் சிறுவரைப் பெரிய சந்தேகநபர்களோடு சேரவிடாது வைக்கச் சொல்கிறது. பெற்றோருக்கு அறிவிப்பதும் பொலிஸாரின் கடமை. 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப்பொறுப்பு வயது 8இலிருந்து 12 ஆக உயர்ந்தது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் விளைவை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று தீர்மானிப்பது நீதவான், சார்ஜன்ட் அல்ல.

சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறதே என்பார்கள். சரி, இரவில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டாமா? வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுவது சலுகையல்ல, எங்கள் உரிமை. வடக்கின் பொலிஸ் உயரதிகாரிகள் இந்த இரண்டையும் உடனே உறுதிசெய்ய வேண்டும்.

பெற்றோரே, விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள். சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள், சட்ட உதவி ஆணைக்குழுவையும் நாடலாம்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்