கருவாட்டு மணலும் கடைவாய்ப்பல் அடைப்பும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

'போன வருஷம்தான் அடைச்சது, அதுக்குள்ள தேஞ்சிருச்சு' என்று பல் டாக்டர் மேல் பழிபோடுவது மண்டபம், தொண்டிப் பக்கம் வழக்கம். அந்தப் பழியில் கடற்கரை மணலுக்கும் பங்கு உண்டு.

மணலில் பரப்பிக் காயவைத்த நெத்திலி, சாளைக் கருவாட்டில் கிளிஞ்சல் தூளும் குவார்ட்ஸ் மணலும் ஒட்டியிருக்கும். கிளிஞ்சல், பல்லின் வெளிப்புறக் கடின உறையான எனாமலைவிட மிருது, அதனால் பயமில்லை. குவார்ட்ஸ் அப்படியல்ல: எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் எனாமல் 5, குவார்ட்ஸ் 7. எனாமலையே கீறுவது அடைப்பை விட்டுவைக்குமா? பல் நிறத்தில் வைக்கும் கம்போசிட், பிசினுக்குள் கண்ணாடித் துகள் பதித்த கலவை. மணல் முதலில் பிசினை அரிக்கும். பிடி தளர்ந்த துகள்கள் பிறகு தாமே உதிரும். அடைப்பு பள்ளமாகி, ஓரத்து எனாமல் படிபோல நாக்கில் தட்டும்.

வைக்கும் முறையிலும் கோளாறு வரும். வழக்கமான கம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கும் இறுக, தனித்தனியே லைட் காட்ட வேண்டும். குழி முழுவதையும் ஒரே தடவையில் நிரப்பினால் மேலே கல், அடியில் களி. கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு அடைப்புப் பொருள் கம்போசிட்டைவிடச் சீக்கிரம் தேயும். பால்பல்லுக்கும் ஈறோரத்துக்கும் அது நல்லது. பெரியவர்களின் கடைவாய்ப்பல் மெல்லும் பரப்பில் நெடுநாள் நிற்காது. (செங்கல் பொடியில் பல் விளக்குகிறவரிடம் எந்த அடைப்பும் நிற்காது, அது வேறு கதை.)

'அப்படின்னா தேயாததா வைங்க' என்பார்கள். எனாமலே மெல்ல மெல்லத் தேய்கிற பொருள்தான். அடைப்பும் அதோடு ஒத்துத் தேய்வதே நல்லது. பல்லின் மேல் மாட்டும் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப் எனாமலைவிடப் பல மடங்கு கடினம். கண்ணாடிபோல் பளபளவென்று இருக்கும்வரை எதிர்ப்பல்லை அவ்வளவாகத் தேய்க்காது. கடிக்கும்போது உயரமாக இருக்கிறது என்று வைரப் பர்ரால் (வைரத்தூள் பதித்த சுழல்முனை) ராவி, அந்தச் சொரசொரப்போடு அனுப்பிவிட்டால் அது அரம். 'ராவின இடத்தைப் பாலிஷ் போட்டீங்களா?' என்று கேட்டுவிட்டு நாற்காலியைவிட்டு எழுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: நெத்திலியின் தலையைக் கிள்ளி, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். தண்ணீரைச் சாய்க்காதீர்கள், அடியில் படிந்த மணலும் கூடவே வரும். மீனைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்தில் போடுங்கள். சட்டியின் அடியைத் தடவினால் விரலில் நறநறப்பு இல்லாத வரை, மூன்று நான்கு முறை.

மீன் காயும் கரைகளில் இடுப்பளவு உயரத்தில் வலைப் பரண் கட்ட மீன்வளத் துறை உதவினால் இந்த அலசல் வேலை பாதியாகக் குறையும்.

– பல் மருத்துவர், மண்டபம்