ஜூன் மாதக் களையும் ஜூலை மாதக் கடிதமும்: அலாட்மென்ட் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

இலண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், காய்கறி பயிரிடக் குத்தகைக்குக் கிடைக்கும் சிறு நிலத்துண்டுகளான அலாட்மென்ட் காணிகளை நிர்வகிக்கும் சங்கக் குழுக்களுக்கும் கவுன்சில் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஜூன் மாதம் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறீர்கள். ஜூலையில் கடிதம் போகிறது: காணி போதிய அளவு பயிரிடப்படவில்லை, இத்தனை நாட்களுக்குள் திருத்தாவிட்டால் குத்தகை முடிக்கப்படும். அதைப் பெறுகிறவர்களில் பலர் காணி எடுத்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். மருத்துவமனையில் இரவு வேலை, பராமரிப்பு இல்லத்தில் 12 மணி நேர முறை, பெற்றோல் நிலையத்தில் சனி ஞாயிறு என்று ஓடுகிறவர்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று குழுக் கூட்டங்களில் சொல்லப்படுவதை நாங்கள் ஏற்கவில்லை. காணியைக் கையில் கொடுக்கும் முறையே அவர்களைத் தோற்கடிக்கிறது. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நம்மவர்களும், உங்கள் குழுக்களில் இருக்கும் நம்மவர்களும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. முழுக் காணி என்பது பழைய நில அளவைப்படி 10 ரொட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். இரண்டு வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்த காணியில் கௌச் புல்லும் பைண்ட்வீட் கொடியும், நிலத்தடியில் பரவும் இரண்டு களைகள், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஃபோர்க்கால் கிளறி வேரைப் பொறுக்கி எடுத்தால், பழகிய கைக்கே மணிக்கு இரண்டரை சதுர மீட்டர்தான் நகரும். இலண்டன் களிமண் காய்ந்து இறுகியிருந்தால் அதுவும் இல்லை. ஆக, முழுக் காணிக்கு 100 மணி நேரம். பல சங்கங்களின் விதிப்படி மூன்று மாதத்தில் முக்கால் பங்கு பயிராக வேண்டும், அதற்கு 75 மணி நேரம். வாரத்தில் மூன்று மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிந்தவருக்கு 13 வாரத்தில் கிடைப்பது 39 மணி நேரம். அதிலும் மழை நாட்கள் கழியும். முதல் வாரம் சுத்தம் செய்த இடத்தில் ஐந்தாம் வாரமே பைண்ட்வீட் திரும்பத் தலை காட்டும் என்பதை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

கால் காணி என்றால்? 62 சதுர மீட்டர், 25 மணி நேரம். அதே ஆள், அதே வேலை, அதே மூன்று மணி நேரம். ஒன்பது வாரத்தில் முடியும். வரிசையில் இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்பீர்கள். கால் காணியாகக் கொடுத்தால் ஒருவர் இருந்த இடத்தில் நான்கு பேர் இருப்பார்கள், வரிசையும் குறையும். இரண்டு வருடம் ஒழுங்காக வைத்திருந்தவருக்கு அடுத்த கால் பங்கைக் கொடுங்கள்.

முக்கால் பங்கு என்ற அளவு சட்டத்தில் எங்கும் இல்லை. காணியை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ குத்தகைக்காரர் தன் வீட்டுக்கான காய்கனிக்குப் பயிரிட வேண்டும் என்பதே 1922ஆம் ஆண்டு அலாட்மென்ட் சட்டத்தின் வரையறை. முக்கால் என்பது நீங்களாக எழுதிக்கொண்டது; நீங்களே திருத்தலாம். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, குத்தகை தொடங்கி மூன்று மாதமாவது கழிந்த பின், விதியை மீறியவருக்கு ஒரு மாத அறிவித்தல் கொடுத்து முடிக்கலாம் என்கிறது. முடித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் குத்தகைக்காரரின் பாதுகாப்புக்காக வைத்தது: அதற்கு முன்னால் கை வைக்காதே என்று கவுன்சிலுக்குச் சொல்வது. அதையே குத்தகைக்காரரின் தலையில் தவணையாக வைத்திருக்கிறீர்கள்.

இனிக் கைமாற்றும் விதம். காணியைக் கொடுக்குமுன் புல்வெட்டும் ஸ்ட்ரிம்மரால் மேலோட்டமாக வெட்டிவிட்டு, உதவி செய்யும் நோக்கத்தில் மண்ணைச் சுழன்று கிளறும் சங்கத்தின் ரொட்டவேட்டர் இயந்திரத்தையும் இரவல் கொடுக்கிறீர்கள். நல்ல மனதுடன் செய்யும் கெடுதல் இது. பைண்ட்வீட் வேர் 3 சென்டிமீட்டர் துண்டாக வெட்டுப்பட்டாலும் முளைக்கும். கௌச் புல்லின் நிலத்தடித் தண்டில் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி. ரொட்டவேட்டர் ஓடிய அன்று மண் கறுப்பாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆறு வாரத்தில் முன்னிருந்ததைவிட அடர்த்தியாகப் பச்சை பிடித்துவிடும், சரியாக உங்கள் ஜூன் சுற்றின்போது. முதல் வருடக்காரர் எவருக்கும் அந்த இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

பிராம்பிள் முள் (காட்டு பிளாக்பெரி) வேறு ரகம். அதன் மெல்லிய வேர்த்துண்டுகளுக்குப் பயப்படத் தேவையில்லை. மண் மட்டத்தில் தடித்திருக்கும் அடிக்கட்டையையும், வளைந்து மண்ணைத் தொட்டு வேர்விட்ட நுனிகளையும் தோண்டி எடுத்தால் போதும். பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும் முட்காடு, பசும்புல் வெளிபோலத் தெரியும் கௌச் காணியைவிட விரைவில் துப்புரவாகும். ஆனால் அதற்குக் காலம் உண்டு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டுகின்றன. குஞ்சோ முட்டையோ உள்ள கூட்டை வேண்டுமென்று கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். ஏப்ரலில் முட்புதரைக் கொடுத்து ஜூனுக்குள் வெட்டி முடி என்பவர் இந்தச் சட்டத்தை நினைத்துப் பார்த்தாரா? காணி கைமாற வேண்டிய மாதம் ஒக்டோபர். அப்போது வெட்டலாம், மூடலாம், உள்ளி (வெள்ளைப்பூண்டு) நடலாம், களையும் வளராது.

களையைக் கொல்லக் கறுப்புத் தாளால் மூடிய நிலத்தைப் பயிரிட்ட நிலமாகக் கணக்கில் எடுங்கள். எங்கள் கோரிக்கைகளில் இதுவே தலையாயது. வேலைக்குப் போகிறவர் முழுக் காணியைக் காப்பாற்ற உள்ள ஒரே வழி, ஒரு பகுதியில் பயிர் செய்துகொண்டு மற்றதை இருட்டில் போட்டு வைப்பதுதான். ஆனால் மூடியதெல்லாம் மூடல் ஆகாது, விதியில் தெளிவாக எழுத வேண்டும். களையை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, பிராம்பிள் கட்டைகளை அகற்றி, மண் ஈரமாக இருக்கும்போது பண்ணைகளில் மாட்டுத் தீவனத்தை மூடும் கறுப்பு சைலேஜ் பொலித்தீனை விரிக்க வேண்டும். 125 மைக்ரோன் தடிப்புக்குக் குறைந்தது கிழியும். விளிம்பை 15 சென்டிமீட்டர் ஆழ வெட்டில் செருகி மண்ணை மிதித்துவிட வேண்டும். நான்கு கல்லை மட்டும் வைத்தால் ஜனவரிக் காற்றில் அது பக்கத்துக் காணியில் போய்க் கிடக்கும், சண்டையும் அங்கிருந்து தொடங்கும்.

மார்ச் முதல் ஒக்டோபர் வரை ஒரு முழு வளர்ச்சிக் காலம் வெளிச்சம் காணாத கௌச் புல் பெரும்பாலும் செத்துவிடும். பைண்ட்வீடுக்கு இரண்டு காலமாவது வேண்டும். இடையில் தாளைத் தூக்கிப் பார்த்தால் இடியப்பச் சிக்கலாக வெள்ளைத் தண்டுகள் மண்ணின் மேலேயே ஓடிக் கிடக்கும். கிளறத் தேவையில்லை, கையால் அள்ளி வாளியில் போடலாம். அதை அப்படியே உரக்குவியலில் கொட்டக் கூடாது. ஒரு மாதம் தண்ணீரில் ஊறி அழுகட்டும். மேர்ஸ்டெய்ல் என்ற களை இதற்கெல்லாம் மசியாது, வேர் 2 மீட்டர் வரை இறங்கும். அது இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கடிதம் அனுப்புவது அநியாயம். தலை தெரியும்போதெல்லாம் கிள்ளப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூடிய காணியில் பரிசோதகர் பார்க்க வேண்டிய இடம் ஓரம். மூடியைச் சுற்றி அரை மீட்டர் அகலப் பாதை வெட்டுப்பட்டிருந்தால் அந்தக் காணி பராமரிப்பில் இருக்கிறது. களை உள்ளே புகுவதும் அடுத்த காணிக்குப் போவதும் அந்த ஓரத்தின் வழியாகத்தான்.

பழைய கம்பளத்தை விரிக்க விடாதீர்கள். செயற்கை இழை மண்ணோடு கலந்து பிரிக்க முடியாமல் போகும், அடிப்பக்க ரப்பர் தூளாக உதிரும். விலை குறைந்த நெய்த விரிப்பும் அதே கதை: கத்தரித்த இடமெல்லாம் நூல் பிரியும். அதன் மேல் மரச்சீவலைப் பரப்பினால் மூன்று வருடத்தில் சீவல் மட்கி மண்ணாகி, மேலே முளைத்த களை விரிப்பைத் துளைத்து வேர்விட்டுவிடும். பிறகு அதை எடுக்க மனிதரால் ஆகாது.

நிலத்தை மூடக் கடதாசி மட்டை மலிவு, நல்லது; ஆனால் அளவு தெரிந்து தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் டேப்பையும் கம்பியையும் உரித்து, 20 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரட்டையாகப் பரப்பி, நன்றாக நனைத்து, மேலே 10 சென்டிமீட்டர் கொம்போஸ்ட். 1.2 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளமுள்ள ஒரு பாத்திக்கே 480 லீற்றர், அதாவது 50 லீற்றர்ப் பைகள் பத்து. அதைக் கடையில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவர முடியாது. சங்கம் ஒரு லொறி கொம்போஸ்டைக் குளிர்காலத்தில் வாசலில் கொட்டிப் பங்கு பிரித்தால், அது பத்து எச்சரிக்கைக் கடிதங்களைவிடப் பயன் தரும். குதிரைச் சாணத்தை வரவழைக்கிறீர்கள் என்றால், முதலில் சோதியுங்கள்: சாணம் பாதி, கொம்போஸ்ட் பாதி கலந்து இரண்டு மூன்று சட்டிகளில் பிரோட் பீன்ஸ் ஊன்றி நான்கு வாரம் பார்ப்பது. ஒப்பிட, வெறும் கொம்போஸ்டில் இன்னொரு சட்டி. சாணச் சட்டியில் மட்டும் துளிர் இலைகள் சுருண்டு கிண்ணமாகக் குவிந்தால், வைக்கோலிலோ புல்லிலோ அமினோபைரலிட் களைகொல்லி இருந்திருக்கிறது. உருளைக்கிழங்கு, தக்காளி, அவரை இனம் எல்லாவற்றையும் அது கெடுக்கும்.

வாரம் ஒருமுறை வருகிறவருக்கு ஏற்ற பயிர்கள் உண்டு, ஏலாத பயிர்களும் உண்டு. புதியவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் தாளில் இதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. ஒக்டோபர் கடைசியில் உள்ளி, நவம்பரில் பிரோட் பீன்ஸ், மார்ச் கடைசியில் வெங்காயக் குட்டிகள், ஏப்ரலில் உருளைக்கிழங்கு, ஜூன் தொடக்கத்தில் பூசணி. பூசணியை அந்தப் பொலித்தீனிலேயே 1.2 மீட்டருக்கு ஒரு கீறல் போட்டு நடலாம். ஆகஸ்டில் மூடியே தெரியாது. கொடி படர்ந்த மூடிய நிலத்தைப் பார்த்து இது பயிரில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. பூசணி இனமான கோர்ஜெட் வேண்டாம், ஐந்து நாள் வராவிட்டால் தடியாகிக் காய்ப்பும் நின்றுவிடும். பிரெஞ்ச் பீன்ஸும் அப்படியே, இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்க ஆள் வேண்டும். வெளியில் வைத்த தக்காளியை ஈரமான கோடையில் பிளைட் நோய் ஒரே வாரத்தில் கருக்கும்.

கீரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டுக்கீரையும் முளைக்கீரையும் இங்கே மே கடைசியில் மண் சூடேறிய பின் விதைத்தால் ஆறு வாரத்தில் அறுக்கலாம். கரீபியன் மக்கள் கலலூ என்று வளர்ப்பதும் பெரும்பாலும் இதே குடும்பம். ஆனால் இங்கே களை என்று பிடுங்கும் பிக்வீடும் அதே இனம்தான். நம்மவர்கள் ஊர் வழக்கப்படி வீசி விதைப்பதால், ஜூனில் பார்க்கிற பரிசோதகருக்குப் பாத்தி முழுவதும் களையாகவே தெரிகிறது. பரிசோதகர்களே, எழுதுமுன் கேளுங்கள். பயிர் செய்கிறவர்களே, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதைத்து, பெயர்க் குச்சி ஒன்றைக் குத்தி வையுங்கள். வரிசையாக இருந்தால் ஹோ (களைக்கொத்து) போட்டுக் களை எடுக்கவும் கால் மணி நேரம் போதும்.

வாசலும் தண்ணீரும் வேலை நேரத்துக்கு ஒத்துவர வேண்டும். டிசம்பரில் இலண்டனில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது. பகல் வேலைக்காரர் வார நாளில் காணியைப் பார்க்கவே வழியில்லை. ஆகவே நவம்பர் முதல் பெப்ரவரி வரை வராமல் இருப்பதைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். குழாய் நீட்டத் தடை உள்ள இடங்களில் 40 மீட்டருக்கு அப்பால் உள்ள தாங்கியிலிருந்து இரண்டு 10 லீற்றர் வாளிகளைச் சுமப்பவருக்கு, தாங்கிக்கு அருகில் உள்ள கால் காணி கிடைத்தால் ஒரு வருகையில் அரை மணி நேரம் மிச்சம். சங்கக் கடை ஞாயிறு காலை மட்டும் திறக்கிறது என்றால், மாதத்தில் ஒரு மாலையாவது திறங்கள்.

கூட்டாளி ஒருவரின் பெயரைக் குத்தகையில் சேர்க்கவும் அனுமதியுங்கள். ஷிப்ட் முறையில் வேலை செய்யும் இருவர் ஒரு காணியைப் பகிர்ந்தால் வாரத்தில் இரண்டு வருகை நிச்சயம். முதன்மைக் குத்தகைக்காரர் விட்டுப்போனால் கூட்டாளிக்கு என்ன உரிமை என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பின்னாளில் வரும் மனக்கசப்பில் பாதி அது இல்லாததால்தான்.

கடிதத்தின் வாசகத்தையும் மாற்ற வேண்டும். 28 நாளில் திருத்து என்பதற்குப் பதிலாக, எந்தப் பகுதியை எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள், எந்தப் பகுதியை மூடுவீர்கள் என்று கேட்டு, காணியின் வரைபடம் ஒன்றை இணைத்து அனுப்புங்கள். அவர் அதில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பட்டும், செப்டெம்பரில் அந்த வரைபடத்தோடு போய்ப் பாருங்கள். பதிலே வராதவருக்கு அறிவித்தல் கொடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. காத்திருப்பவர்களுக்கும் நியாயம் வேண்டும். கடிதம் கிடைத்தவர்களும் வெட்கப்பட்டு ஒதுங்காமல் உடனே பதில் எழுதுங்கள். ஒரு மூலையையாவது வெட்டி, தேதியோடு படம் எடுத்து இணையுங்கள்.

கால் காணி, ஒக்டோபர்க் கைமாற்றம், மூடிய நிலத்துக்கு ஏற்பு, வரைபடக் கடிதம்: இந்த நான்கையும் வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் விதித் திருத்தமாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒக்டோபரில் காலியாகும் காணிகளை இந்த முறையில் கொடுத்துப் பார்க்க அதற்குள் குழுத் தீர்மானம் ஒன்றே போதும்.

இப்படிக்கு,
அலாட்மென்ட் காணிகளில் பயிர் செய்யும், பரிசோதனைச் சுற்றுகளிலும் நடந்த சிலர்