உதவி கேட்டால் வேலையைத் தொடங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் கணினி லேபில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மாணவர்களின் ப்ராஜெக்ட்களில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு குறையைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு மாணவி, மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் பைத்தான் நிரலைக் காட்டினார். எப்படி ஓட்டுவது என்று பார்க்க, பழக்கப்படி நிரலின் பெயரோடு, உதவிக் குறிப்பைக் கேட்கும் ‘--ஹெல்ப்’ என்று தட்டினேன். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் ‘--ஹெல்ப்’ என்ற பெயரிலேயே ஒரு கோப்பு! நான் கேட்ட உதவியை வெளியீட்டுக் கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, நிரல் வேலையையே முடித்துவிட்டது. “முதல்ல ஃபைல் பேர் கொடுக்கணும் சார்” என்றார். அது தெரியாமல்தானே உதவி கேட்டேன்?

அழிக்கப் போனால் அடுத்த சிக்கல். லினக்ஸில் கோப்பை அழிக்கும் கட்டளை ‘ஆர்எம்’. ‘ஆர்எம் --ஹெல்ப்’ என்றால் ஆர்எம் தன் உதவியைக் காட்டுமே தவிர, கோப்பை அழிக்காது. முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து, ‘ஆர்எம் ./--ஹெல்ப்’ என்று கொடுத்த பிறகுதான் போனது.

இது சின்ன விஷயம் இல்லை. முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில் இதே போல உதவி கேட்டபோது, மாதக் கணக்கை முடிக்கும் ஸ்கிரிப்ட் அப்படியே ஓடிவிட்டது. பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க விடிந்துவிட்டது.

இத்தனைக்கும் பைத்தானில், நிரலோடு தட்டும் இந்த ஆப்ஷன்களைப் படித்துத் தரும் ‘ஆர்க்பார்ஸ்’ என்ற தொகுதி 2010இல் வந்த 2.7 பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது. அதைப் பயன்படுத்தினால் ‘--ஹெல்ப்’, அதன் சுருக்கமான ‘-ஹெச்’ இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். உதவியைக் காட்டிவிட்டு, பிழை இல்லை என்பதற்கு அடையாளமான 0 உடன் வெளியேறும். தவறான ஆப்ஷன் கொடுத்தால் 2. ஆனால் அதை அழைக்கும் வரி எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். டேட்டாபேஸை இணைத்த பிறகு அழைத்தால், சர்வர் படுத்துவிட்ட நாளில் உதவியும் வராது. அன்றைக்குத்தான் அது அதிகம் தேவைப்படும்.

‘-ஹெச்’ மட்டும் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. டிஸ்கில் உள்ள இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையில் அது அளவுகளை எளிதாகப் படிக்கும்படி காட்டும். டேட்டாபேஸோடு இணையப் பயன்படும் ‘பிஎஸ்க்யூஎல்’லில் சர்வரின் பெயரைக் கேட்கும். முழுச் சொல்லையும் ஏற்கும்படி எழுதுவதே நல்லது.

செய்முறைத் தேர்வுக்கு வரும் எக்ஸ்டர்னல்கள் நிரலை ஓட்டும் முன் ‘--ஹெல்ப்’ கொடுத்துப் பார்த்து, அதற்கும் மதிப்பெண் போட வேண்டுகிறேன். அந்த மாணவி இப்போது நிரலைத் திருத்திவிட்டார். உதவி வரிகளையும் தமிழிலேயே எழுதியிருக்கிறார்: “பட்டியலைச் சேமிக்க வேண்டிய கோப்பின் பெயர்.”

இப்படிக்கு,
ஒரு லேப் உதவியாளர், தென்காசி