பாம்பு விளையாட்டும் பல்லாங்குழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நோக்கியா பொத்தான் கைப்பேசிகளில் இருந்த பாம்பு முதலிய விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பலரும் மறந்துவிட்ட ஒன்றை எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆயினும் அவற்றைக் குழந்தைப் பருவ ஏக்கமாக மட்டுமே கட்டுரையாளர் பார்த்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மும்பையில் அந்த விளையாட்டுகளை முதலில் ஆடியவர்கள் குழந்தைகள் அல்லர், அலுவலகம் செல்லும் பெரியவர்கள். 2003-இல் உள்வரும் அழைப்புகள் இலவசமாகும் வரை பேசினாலும் காசு, எடுத்தாலும் காசு என்றிருந்த அந்தக் கருவியில் காசு கேட்காமல் கிடைத்தது விளையாட்டு ஒன்றுதான். பிள்ளைகளுக்கோ, அது ஞாயிற்றுக்கிழமை மாலையில் கெஞ்சிக் கூத்தாடினால் சற்று நேரம் கையில் கிடைக்கும் பொருள்.

மும்பைப் புறநகரான முலுண்டிலிருந்து அப்போதைய சி.எஸ்.டி. (சத்ரபதி சிவாஜி ரயில் முனையம்) வரை லோக்கல் ரயிலில் நின்றபடியே பயணம் செய்தவன் நான். ஒரு கை மேலே தொங்கும் பிடியில் இருக்கும். மற்றொரு கையின் கட்டைவிரல் ஒன்றே போதும், இரையைத் தின்று நீளும் பாம்பைச் சுவரில் மோதாமல் ஓட்டிவிடலாம். 2, 4, 6, 8 ஆகிய நான்கு பொத்தான்களில் மட்டும் எண்கள் அழிந்து போயிருப்பதைப் பார்த்தே ஒருவர் என்ன ஆடுகிறார் என்று சொல்லிவிட முடியும். திரையைப் பார்க்க வேண்டியிருந்ததே தவிர, பொத்தானைத் தேட வேண்டியிருந்ததில்லை. தாதரில் கூட்டம் நெருக்கித் தள்ளும்போது கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டால் ஆட்டம் அப்படியே நிற்கும், அல்லது பாம்பு செத்துப்போகும். இரண்டில் எது நடந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

எளிமையான விளையாட்டு என்று கட்டுரையாளர் ஓரிடத்தில் கடந்துவிடுகிறார். அந்த எளிமைக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் சொல்லியிருக்கலாம். 1976-இல் அமெரிக்க ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில், வந்த பிளாகேட் என்னும் விளையாட்டின் வழியில் உருவான இந்தப் பாம்பு விளையாட்டை நோக்கியா 6110 கைப்பேசிக்காக எழுதியவர் தனேலி அர்மான்டோ என்னும் பின்லாந்துப் பொறியாளர். பாம்பு சுவரில் மோதுவதற்கு முன், சில மில்லி விநாடிகளே நீளும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தாமதத்தை அவர் வைத்திருந்தார். கடைசிக் கணத்தில் திருப்பித் தப்பித்தபோதெல்லாம் நம் சாமர்த்தியம் என்று நாம் நெஞ்சு நிமிர்த்தியதில் அவருடைய பெருந்தன்மைக்கும் பங்கு உண்டு. பின்னர் வந்த நோக்கியா 3310-இன் திரையில் குறுக்கே 84, நெடுக்கே 48 என மொத்தம் 4,032 புள்ளிகளே இருந்தன. பாம்பு, இரை, மதிப்பெண் எல்லாம் அதற்குள்தான் அடங்கின.

கட்டுரையில் ஒரு சொல்கூட இடம்பெறாத பாந்துமி என்னும் விளையாட்டைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 3310-இல் பாம்பு, ஸ்பேஸ் இம்பாக்ட், பேர்ஸ் ஆகியவற்றோடு இருந்த நான்காவது விளையாட்டு அது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை பல பெயர்களில் ஆடப்படும், குழிகளில் காய்களைப் போட்டு ஆடும் மன்கலா வகையைச் சேர்ந்தது. நமது பல்லாங்குழியின் உறவு. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தாயாருக்கு ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தவர், ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போடுவதைக் கண்டதும், "இது நம்ம ஆட்டம்லா, இங்க குடு" என்று வாங்கிக்கொண்டார். ஆனால் பக்கத்துக்கு ஏழு குழி இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தது. நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அதில் இல்லை. "பசு எடுக்க விடமாட்டேங்கு, கள்ள ஆட்டம் ஆடுது" என்று கருவியைக் குறை சொல்லிக்கொண்டே, கடைசிக் காய் தன் பக்கத்து வெற்றுக் குழியில் விழுந்தால் எதிர்க்குழியை அள்ளலாம் என்பதை யாரும் சொல்லித் தராமல் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். அதன்பின் எனக்குக் கைப்பேசி கிடைப்பதே அரிதாயிற்று. இதைக் குழந்தைப் பருவ நினைவு என்று எப்படிச் சொல்வது?

அந்த விளையாட்டுகள் நம்மை விட்டுவிடத் தெரிந்தவை. தோற்றால் மதிப்பெண்ணைக் காட்டிவிட்டு நிற்கும். இன்று வரவில்லையே என்று மறுநாள் அழைப்பு அனுப்பாது. ஆட்டத்தைத் தொடரக் கூடுதல் உயிரை விலைக்கு விற்காது. அதைப் பழைய காலத்தின் நற்குணம் என்று நான் புகழ மாட்டேன். அப்போது அவற்றை விற்பதற்கு வழியில்லை. விளையாட்டின் விலை கருவியின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. இன்று அதே பாம்பைத் தொடுதிரையில் இறக்கிக்கொண்டால் இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு விளம்பரம் வருகிறது. பொத்தானின் அழுத்தமும் விரலுக்குக் கிடைப்பதில்லை. 2017-இல் 3310 என்ற பெயரிலேயே மீண்டும் வந்த கைப்பேசியில் பொத்தான்கள் இருந்தன. ஆனால் பாம்பு வண்ணம் பூசிக்கொண்டு வேறொன்றாகிவிட்டிருந்தது.

பின்லாந்தின் தாம்பரே நகரில் 2017-இல் விளையாட்டுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்நாட்டின் ஆல்டோ பல்கலைக்கழகம் 2025-இல் நோக்கியாவின் வடிவமைப்பு ஆவணங்களை இணையத்தில் பொதுப்பார்வைக்கு வைத்தது. 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசிகளைச் செய்து குவித்த ஸ்ரீபெரும்புதூர் நம்முடையது. அவற்றை ஆடித் தேய்த்த கைகளும் நம்முடையவை. அந்தப் பக்கத்தை எழுதி வைக்க நம்மவர்களும் முன்வர வேண்டும். பாம்பும் பாந்துமியும் தனிக் கோப்புகள் அல்ல, கருவியின் உள் மென்பொருளோடு பிணைந்தவை என்பதால், கருவி காயலான் கடைக்குப் போனால் அந்த விளையாட்டும் அதோடு போய்விடுகிறது. வாசகர்களிடமிருந்து இத்தகைய நினைவுகளை, முக்கியமாக இப்போது எழுபது எண்பது வயதில் இருப்பவர்களின் நினைவுகளை, தாங்கள் கேட்டு வாங்கி வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

நிறைவாக, கட்டுரையைப் பற்றி ஒரு வேண்டுகோள். அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசியை எடுத்து மின்னேற்றி ஆடிப் பாருங்கள் என்று அது வாசகர்களை அழைக்கிறது. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்த லித்தியம் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். மும்பையின் மின்னணுப் பொருள் சந்தையான லேமிங்டன் சாலைக் கடைக்காரர்கள் அதை மேசைமேல் படுக்க வைத்து விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். உப்பாத பேட்டரி அங்கேயே உராய்ந்து நிற்கும், உப்பியது நிற்காமல் சுற்றும். சுற்றுகின்ற பேட்டரியை மின்னேற்றாமலும் குப்பையில் போடாமலும் மின்கழிவு வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதை அடுத்த இதழில் ஒரு குறிப்பாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
முலுண்ட், மும்பை.