வறண்ட, பரு வரும் சருமத்திற்கென விற்கப்படும் வீட்டுத் தயாரிப்பு முகப்பூச்சுத் தொகுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீதில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: முகப்பூச்சுத் தொகுப்பின் தவறான செய்முறைக் கையேட்டைத் திரும்பப் பெறவும், பெட்டியில் உள்ள பொருந்தாத வாசகங்களை நீக்கவும், செலுத்திய தொகையைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ‘வறண்ட, பரு வரும் சருமத்திற்கு ஏற்றது’ என்று பெட்டியின் முகப்பிலேயே அச்சிட்டுத் தாங்கள் விற்கும் இயற்கை முகப்பூச்சுத் தொகுப்பை வாங்கி, உடன் வந்த கையேட்டில் சொன்னபடியே பூச்சைத் தயாரித்துப் பயன்படுத்தியவன் நான். பூசத் தொடங்கிய சில வாரங்களில், இதற்கு முன் பரு வந்திராத கன்னங்களிலும் நெற்றியோரத்திலும் தோலுக்கடியில் சிறுசிறு வெண்கட்டிகள் கிளம்பின. மூக்கின் இருபுறமும் தோல் சிவந்து எரிந்தது. சாடியில் எஞ்சியிருந்த பூச்சோ நீர் வேறு எண்ணெய் வேறாகப் பிரிந்து, விளிம்பில் பூசணம் பிடித்துக் கிடந்தது. இவற்றைப் படங்களுடன் மின்னஞ்சலில் தெரிவித்ததற்கு, ‘சருமத்தில் தேங்கியிருந்த நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாமல் தொடர்ந்து பூசுங்கள்’ என்று தங்கள் பிரிவிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்பதோடு நின்றிருக்க வேண்டிய என்னை இத்தனை நீளமாக எழுத வைத்தது அந்த இரண்டு வரிதான்.

பூசிய பொருளால் பரு அதிகமாகி, பிறகு குறைவது என்பது உண்மையில் உண்டு. ஆனால் அது அடபலீன், டிரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) மருந்துகளிலும், தோலின் மேலடுக்கை உரிக்கும் அமிலங்களிலும் காணப்படுவது. அவை தோல் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுவதால், ஏற்கெனவே துளைகளுக்குள் உருவாகிக் கொண்டிருந்த அடைப்புகள் விரைவாக மேலே வருகின்றன. அப்போதும் அவை பெரும்பாலும் வழக்கமாகப் பரு வரும் இடங்களிலேயே வரும். தங்கள் தொகுப்பில் இருந்தவை தேங்காய் எண்ணெய், கோக்கோ வெண்ணெய், தேன்மெழுகு, கற்றாழை நீர், வைட்டமின் ஈ, மூன்று நறுமண எண்ணெய்கள் ஆகியவை மட்டுமே. இவற்றில் எது செல்களின் புதுப்பிப்பை அவ்வாறு விரைவுபடுத்துகிறது என்பதைத் தங்கள் பிரிவு விளக்கவில்லை. வெளியேறுவதாகச் சொல்லப்படும் நச்சு எது என்பதையும் சொல்லவில்லை. துளை அடைபட்டு அவதிப்படும் ஒருவரிடம், அடைப்பதையே இன்னும் பூசச் சொல்வது ஆலோசனை ஆகாது.

பூசும் அழகுப் பொருள்களாலேயே பரு உண்டாகலாம் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1972இலேயே கிளிக்மன், மில்ஸ் என்ற தோல் மருத்துவர்கள் இதைத் தனி வகையாக விவரித்துவிட்டார்கள். முயலின் காதில் பூசிப் பார்க்கும் பழைய சோதனைகளின் அடிப்படையில், துளையை அடைக்கும் தன்மையை 0 முதல் 5 வரை மதிப்பிடும் பட்டியல்களில் தேங்காய் எண்ணெயும் கோக்கோ வெண்ணெயும் 4 என்ற இடத்தில் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. முயல் காதின் தோல் மனித முகத்தைவிட எளிதில் அடைபடும் என்பதும், தனிப் பொருளின் மதிப்பெண்ணை வைத்து முழுப் பூச்சையும் தீர்மானிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து நான் வாதிடவில்லை. ஆனால் தங்கள் பூச்சில் இவ்விரண்டும் சிறிதளவு சேர்க்கப்பட்டவை அல்ல, நறுமண எண்ணெய் தவிர்த்த எடையில் பாதிக்கும் மேல் இவைதான். பரு வரும் சருமத்திற்கென்று பெயரிட்ட ஒரு பொருளுக்கு, ஐயத்திற்குரிய இரண்டையும் தேர்ந்தெடுத்து அடித்தளமாக வைத்ததற்கு என்ன காரணம்?

காரணமாகக் கையேடு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் பருக் கிருமியைக் கொல்லும் என்பது ஒன்று. ஆய்வகத்தில் லாரிக் அமிலத்திற்கு அத்தன்மை இருப்பது உண்மைதான். எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்பதும் உண்மைதான். ஆனால் எண்ணெயில் அது கிளிசரினோடு பிணைந்த கொழுப்பாக இருக்கிறதேயன்றி, ஆய்வகத்தில் சோதித்த தனி அமிலமாக இல்லை. மற்றொன்று, வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்று 2004இல் வெளியான ஆய்வு. அந்த ஆய்வில் எண்ணெய் பூசப்பட்டது கால்களில். ஒப்பிடப்பட்டது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெயோடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தந்தன. காலின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு, முகத்திலோ மிக அதிகம். காலுக்குச் சொன்னதை முகத்திற்கு எடுத்து ஒட்டியது மட்டுமல்லாமல், அதே கையேட்டின் முதல் பக்கத்தில் மினரல் எண்ணெயை ‘சருமத்தின் எதிரி’ என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள்.

வறட்சியும் பருவும் ஒரே முகத்தில் இருப்பதை முரண் என்று பலர் நினைக்கிறார்கள். அது முரண் அல்ல. தோலின் மேலடுக்கு தன் நீரைப் பிடித்து வைப்பதற்குச் செரமைடு என்ற கொழுப்பு வகை, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றாலான, சுவரின் சுண்ணாம்புக் காரை போன்ற ஒரு பிணைப்பு தேவை. பருவுக்கான மருந்துகளாலும் கடுமையான சோப்புகளாலும் அந்தக் காரை பலவீனமாகும்போது நீர் ஆவியாகிப் போகிறது. அதே சமயம் துளைகள் அடைபடும் போக்கும் தொடர்கிறது. எனவே இத்தகைய முகத்திற்கு முதலில் வேண்டியது நீரை ஈர்த்து நிறுத்தும் பொருள். தங்கள் தொகுப்பில் கற்றாழை நீரைத் தவிர அப்படி ஒன்றும் இல்லை. இதற்கு நெடுநாளாகப் பயன்படுவதும் எளிதில் கிடைப்பதும் கிளிசரின். அதைக் கையேடு ‘ரசாயனம்’ என்று ஒதுக்குகிறது. தேங்காய் எண்ணெயைப் பிரித்தால் கிடைப்பவை கொழுப்பு அமிலங்களும் இதே கிளிசரினும்தான் என்பதைக் கையேட்டை எழுதியவர் அறிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். எண்ணெய்தான் வேண்டுமென்றால், லினோலெயிக் அமிலம் நிறைந்த சூரியகாந்தி எண்ணெய் இருக்கிறது. பரு உள்ளவர்களின் சருமச் சுரப்பில் அந்த அமிலம் குறைவாக இருப்பதை 1980களின் ஆய்வுகளே காட்டின. ஜோஜோபா இருக்கிறது, ஸ்குவாலேன் இருக்கிறது. இயற்கையிலிருந்து வருபவை என்ற தங்கள் கொள்கைக்கு இவற்றில் எதுவும் விரோதமில்லை.

அடுத்து நறுமண எண்ணெய்கள். 50 கிராம் பூச்சுக்கு டீ ட்ரீ (ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுப்பது), லாவெண்டர், எலுமிச்சைத் தோல் எண்ணெய் ஆகியவற்றில் தலா 20 துளி சேர்க்கும்படி கையேடு கூறுகிறது. 20 துளியை ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் என்று கொண்டால், மொத்தம் 6 சதவீதத்தை நெருங்குகிறது. முகத்தில் பூசிக் கழுவாமல் விடும் பொருளில் நறுமண எண்ணெயை 1 சதவீதத்திற்குள் வைத்துக்கொள்ளச் சொல்வதே வழக்கம். குளிர்முறையில் பிழிந்த எலுமிச்சைத் தோல் எண்ணெயில் உள்ள பியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிக் கருமையை விட்டுச் செல்லக்கூடியவை. காய்ச்சி வடித்த வகையில் இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. தங்கள் குப்பியில் இருப்பது எந்த வகை என்று எங்கும் எழுதவில்லை, காலையில் பூசலாமா கூடாதா என்றும் எழுதவில்லை. டீ ட்ரீ எண்ணெய் பருவைக் குறைக்கும் என்பதற்கு 1990இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வைச் சுட்டியிருக்கிறீர்கள். அது நல்ல ஆய்வே. 5 சதவீத டீ ட்ரீ ஜெல், பருவுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக, ஆனால் குறைந்த எரிச்சலோடு பயன் தந்ததாக அது கூறுகிறது. ஜெல்லில் கிடைத்த முடிவைக் கெட்டியான கொழுப்புக்குள் கலந்த எண்ணெய்க்குப் பொருத்துவதற்கு ஆதாரம் இல்லை. மேலும், காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமையை உண்டாக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது தெரிந்த செய்தியாயிருக்க, தாங்கள் அனுப்பியது நிறமற்ற கண்ணாடிக் குப்பியில். தயாரித்த மாதமும் அதில் இல்லை.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, என்னை உண்மையில் அச்சுறுத்தியது பூசணம்தான். கற்றாழை நீரை உருகிய எண்ணெயில் ஊற்றிக் கரண்டியால் கலக்கினால் கிரீம் ஆகிவிடும் என்கிறது கையேடு. எண்ணெயும் நீரும் பிரியாமல் நிற்க எமல்சிஃபையர் வேண்டும். தேன்மெழுகு கெட்டிப்படுத்துமேயன்றித் தனியாக அந்த வேலையைச் செய்யாது. ஆகவே சாடியில் நீர் சிறு குமிழ்களாகத் தங்கி, பிறகு பிரிந்து அடியில் சேர்கிறது. அந்த நீரில் கற்றாழையின் சர்க்கரைகள் இருக்கின்றன. அறை வெப்பம் இருக்கிறது. நாள்தோறும் உள்ளே போகும் விரலும் இருக்கிறது. நுண்ணுயிர் வளர இதைவிட வசதி தேவையில்லை. கண்ணுக்குப் பூசணம் தெரிவதற்கு வெகு முன்பே பாக்டீரியாக்கள் பெருகியிருக்கலாம் என்பதும், வெடித்த பருக்கள் உள்ள முகத்தில் அவற்றைத் தேய்ப்பது சாதாரணத் தோலில் தேய்ப்பதைப் போன்றதல்ல என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. அப்படியிருந்தும், ‘பதப்படுத்திகள் இல்லை; வைட்டமின் ஈ இருப்பதால் குளியலறை அலமாரியிலேயே 6 மாதம் கெடாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்தும். பாக்டீரியாவையோ பூசணத்தையோ அது தடுக்காது.

கடைகளில் விற்கும் பூச்சுகளில் வேண்டுமென்றே நுண்ணுயிர்களைச் செலுத்தி, அவற்றிலுள்ள பதப்படுத்திப் பொருள் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 11930 என்ற பன்னாட்டுத் தரமுறையே இருக்கிறது. அந்தச் சோதனையைச் செய்யாத தயாரிப்புக்கு 6 மாத ஆயுளைத் தாங்கள் எதைக் கொண்டு நிர்ணயித்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். வீட்டில் செய்வதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. நீர் சேராத, எண்ணெயும் மெழுகும் மட்டுமான பசையாக அதைத் தந்திருந்தாலோ, நீர் சேர்ப்பதானால் ஒரு சில நாள்களுக்கானதை மட்டும் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சுத்தமான சிறு கரண்டியால் எடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள் என்று எழுதியிருந்தாலோ இந்தப் பகுதியை நான் எழுத நேர்ந்திருக்காது.

முன்கையில் பூசிச் சோதித்தபின் முகத்தில் பூசும்படி கையேடு சொல்வதை நான் பின்பற்றினேன். கையில் எதுவும் நேரவில்லை. அச்சோதனை ஒவ்வாமையையும் எரிச்சலையும் ஓரளவு காட்டுமேயன்றி, துளை அடைபடுவதைக் காட்டாது. அடைப்பு வெளியே தெரிய வாரங்கள் ஆகும், அதுவும் முகத்தில்தான் தெரியும். ‘சோதித்த பிறகே பயன்படுத்தச் சொன்னோம்’ என்ற விடையை எதிர்பார்த்தே இதைக் குறிப்பிடுகிறேன்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூசும் முன் சமையல் சோடாவால் முகத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறீர்கள். ஆரோக்கியமான சருமம், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவில் (7 நடுநிலை) 5 என்ற அளவுக்கு அமிலத்தன்மை கொண்டது. சமையல் சோடாக் கரைசலோ 8க்கு மேல். வறண்ட தோலுக்கு இதைவிடப் பொருந்தாத முன்னேற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம். அதற்குக் கீழே, ‘மருத்துவர் தந்த களிம்புகளை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கினால் பலன் விரைவில் தெரியும்’ என்ற வரி இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் உரிமை ஒரு பூச்சு விற்பவருக்கு எங்கிருந்து வந்தது? தழும்பு விழும் அளவுக்குப் பரு உள்ள இளம் வயதினர் யாரேனும் இதை நம்பி நடந்தால், அதன் விளைவு பணத்தைத் திருப்பித் தருவதால் சரியாகிவிடாது.

ஆகவே, மருந்தை நிறுத்தச் சொல்லும் வரியையும், சமையல் சோடா முறையையும், 6 மாத ஆயுள் என்ற உறுதியையும் இனி விற்கும் பெட்டிகளிலிருந்து உடனே நீக்குவதோடு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற கோரிக்கைகளைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட முடியாது. பரு வரும் சருமத்திற்கு ஏற்றது என்ற வாசகத்திற்கு ஆதாரமாக முகத்தில் செய்த சோதனை ஏதேனும் இருந்தால் அதன் நகலை அனுப்புங்கள். இல்லையென்றால் வாசகத்தை எடுத்துவிடுங்கள். நறுமண எண்ணெய்களின் வகை, தயாரித்த மாதம், சேர்க்க வேண்டிய துளிகளின் திருத்திய அளவு ஆகியவை குப்பியிலேயே இடம்பெற வேண்டும். எனக்குத் தொகுப்பின் முழுத் தொகையும், தோல் மருத்துவரிடம் காட்டிய செலவும் திருப்பித் தரப்பட வேண்டும். மாற்றாக இன்னொரு தொகுப்பை அனுப்ப வேண்டாம்.

ரசீதின் நகல், மருத்துவரின் குறிப்பு, பூசணம் பிடித்த சாடியின் படங்கள், கையேட்டின் தொடர்புடைய பக்கங்கள், தங்கள் பிரிவின் மின்னஞ்சல் பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். சாடியையும் அதன்பின் திறக்காமல் மூடி வைத்திருக்கிறேன். ஆய்வுக்குத் தேவையென்றால் தங்கள் செலவில் பெற்றுக்கொள்ளலாம். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள், பொருளின் கலவையை அறிந்த ஒருவர் கையெழுத்திட்ட பதிலை எதிர்பார்க்கிறேன். அது வராவிடில், இதே ஆவணங்களை நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் அழகுப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசுத் துறையிடமும் அளிப்பேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்