ஆறு தந்தி பாஞ்சோ

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஆறு தந்தி பாஞ்சோவை ரெண்டுங்கெட்டான் என்று எழுதிவிட்டாயே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பாஞ்சோவின் தோல் போர்த்திய உடம்பில் கிதாரின் கழுத்தையும் ஆறு தந்தியையும் பூட்டி, கிதார் மாதிரியே சுருதி சேர்த்த வாத்தியம் அது. பாஞ்சோ பழகச் சோம்பல்பட்ட கிதார்க்காரனுக்கான குறுக்குவழி என்று பலரும் சொல்வதுதான். ஆனால் 1925-இல் சிகாகோவில் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் தன் ஹாட் ஃபைவ் குழுவோடு ஒலிப்பதிவு தொடங்கியபோது ஜானி செயின்ட் சிர் கையில் இருந்தது இதுதான். அந்தக் குழுவில் டிரம் கிடையாது, பேஸ் கிடையாது. லில் ஹார்டினின் பியானோவும் இவரும் சேர்ந்துதான் தாளத்தைத் தாங்கியாக வேண்டும். தோலின் வெட்டென்ற ஒலி காலப்பிரமாணத்தை நிலைநிறுத்தியது. கிதார் மாதிரியான மந்தரத் தந்திகள் அடியில் கொஞ்சம் கனம் கொடுத்தன. நாலு தந்தி டெனார் பாஞ்சோவில் அந்தக் கனம் ஏது? பாபா சார்லி ஜாக்சன் 1924 முதல் இதை வைத்துக்கொண்டு தனி ஆளாகவே ப்ளூஸ் பாடிப் பதிவு செய்தார். ஜாஸ் கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் சிறுவயதில் கிதார்-பாஞ்சோ என்றும் சொல்லப்படும் இதில்தான் கை பழகினார்.

குறை இல்லாமல் இல்லை. பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் மீட்டல் பாணி இதில் வராது. ஐந்து தந்தி பாஞ்சோவில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் உச்ச ஸ்தாயியில் விடாமல் ஒலிக்கும் குட்டைத் தந்தி இருக்கும். இங்கே அந்த இடத்தில் மந்தர ஈ (E) தந்தி. ஆறு தந்தியையும் கிதார் மாதிரி வாரி அடித்தால் மந்தரத் தந்தி இரண்டும் கும்மென்று குழம்பிவிடும். நீ கேட்டது அப்படி வாசித்ததைத்தான் என்று நினைக்கிறேன்.

தந்திகளைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) மரப்பலகைமேல் நிற்காமல் தோல்மேல் நிற்பதால் ஸ்வரம் சட்டென்று கிளம்பி உடனே அடங்கிவிடுகிறது. அதனால் ஆறு தந்தியும் சேர்ந்து ஒலிக்கும் முழு கார்டைவிட (chord) மூன்று தந்தி கார்டுதான் இதற்குப் பொருத்தம். அடித்தவுடன் இடதுகை அழுத்தத்தைத் தளர்த்தினால் போதும், ஒவ்வொரு அடியும் சுத்தமாக விழும். நான் தோலுக்கும் அதன் பின்னால் ஓடும் கம்பிக்கும் நடுவே பழைய சாக்ஸ் ஒன்றைச் செருகியிருக்கிறேன், மந்தர இரைச்சல் பாதி குறைந்துவிட்டது. ஒற்றைத் தந்தியில் ஓடும் பிருகாக்களோ, கிதாரில் எனக்கு ஒருநாளும் இவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? தந்தி மீட்டக் கனமான பிக் ஒன்று எடுத்து வா. நீயே வாசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்.

அன்புடன்,
முரளி