ஐன்சீடெல்னில் கறுப்பு மாதா

அன்புள்ள மகனுக்கு,

சூரிச்சில் அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன். முழங்கால் நோ குறைந்துவிட்டது, கவலைப்படாதே. நேற்று அக்கா என்னை ஐன்சீடெல்ன் என்ற ஊரில் உள்ள துறவிமடத்துக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். இங்குள்ள நம் சனம் கறுப்பு மாதா கோவில் என்றுதான் சொல்கிறது.

முன்றலில் மாதா பெயரில் ஒரு நீரூற்று. பதினான்கு குழாய்களிலும் குடிக்கவேண்டுமாம். பல் கூசக் கூச ஒன்றையும் விடாமல் குடித்தேன்.

உள்ளே போனதும் திகைத்துவிட்டேன், ராசா. இப்போதுள்ள கோவில் 1719இல் தொடங்கி 1735இல் அபிஷேகமானது. வரைபடம் போட்ட காஸ்பர் மோஸ்புருக்கர் அந்த மடத்துச் சகோதரர்தான். முடிவதைப் பார்க்காமலே 1723இல் இறந்துபோனார். மேலே அசாம் என்ற குடும்பப்பெயர் கொண்ட ஜெர்மன் சகோதரர்கள் இருவரின் சித்திரங்களும் சுதை வேலையும். பொன்னும் இளஞ்சிவப்புமாகக் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. நம் மன்னார் மடு மாதா கோவிலில் மரநிழலில் செபமாலை சொல்லிப் பழகிய எனக்கு முதலில் மனம் ஒட்டவே இல்லை. அண்ணாந்து பார்த்தால் ஒரு குவிமாடம் முழுக்க இயேசு பிறந்த நத்தார் இரவு. அதில் இடையர்களைக் கண்ட பிறகுதான் கொஞ்சம் ஆறினேன்.

அந்தப் பொன்னுக்கு நடுவே கறுப்புப் பளிங்கில் ஒரு சிற்றாலயம். அதற்குள்தான் மாதா, பட்டு உடுத்தி, பாலனைக் கையில் ஏந்தி நிற்கிறார். பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு பெண், அம்மனைக் கும்பிடுவது போலவே கைகூப்பி அழுதுகொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா சொன்ன கதையை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். 1798இல் பிரெஞ்சுப் படை வந்து பழைய சிற்றாலயத்தை இடித்தது. துறவிகள் சொரூபத்தை ஒளித்து ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒருவர் பழுதுபார்க்கும்போது முகத்தைத் துடைத்தார். நூற்றாண்டுகளாக மெழுகுதிரியும் விளக்கும் ஏற்றிய புகை அகன்று, உள்ளே வெளுத்த நிறம் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தோடு சனம் மாதாவை அடையாளம் காணுமா? மறுபடியும் கறுப்புப் பூசச் சொன்னார்கள். 1803இல் அந்தக் கறுப்பு முகத்தோடுதான் ஊர் திரும்பினார்.

கேட்டதும் எனக்கு மடு நினைவு வந்துவிட்டது. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்த மாதா, 2008இல் சண்டை நெருங்கியபோது தேவன்பிட்டிக்கும் போனவர் அல்லவா? அதற்கும் முன்பு மடுக் கோவில் வளவில் கொட்டில் போட்டு நாம் இருந்தபோது நீ என் இடுப்பில் இருந்தாய். நாங்கள் மட்டும்தான் இடம்பெயர்ந்தோம் என்று எத்தனை இரவு அழுதிருப்பேன்!

மாலைச் செபம் முடிந்து துறவிகள் சிற்றாலயத்தின் முன் வந்து நின்று இலத்தீனில் "சால்வே ரெஜினா" பாடினார்கள். நான் அதையே தமிழில், கிருபை தயாபத்துச் செபமாகச் சொன்னேன். "பரதேசிகள்" என்ற இடத்தில் குரல் அடைத்துவிட்டது, அக்காதான் முடித்துவைத்தாள்.

உனக்கும் பிள்ளைக்கும் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினேன். வருகிற ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கு வரப் பார். லீவுக்கு இப்போதே எழுதிக்கொடு. நம் கொட்டில் இருந்த இடத்தைப் பேத்திக்கு நான்தான் காட்டவேண்டும்.

அன்புடன்,
அம்மா